ஐந்து ரூபாய் பாக்கெட் கேக்கும் பிள்ளைகளின் உடல்நலமும்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் கேக்குகளைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. "ஒரே ஒரு கேக்குதானே, சின்னப் பிள்ளை ஆசைப்பட்டுச் சாப்பிட்டால் என்ன?" என்பது ஒன்று. கேக்குக்குள் மாத்திரை வைத்து விற்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ இன்னொன்று. அந்த வீடியோ 2019 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வெளிநாட்டில் எடுக்கப்பட்டது, இங்கே விற்கும் கேக்கைப் பற்றியது அல்ல என்று உண்மை சரிபார்ப்பவர்கள் அப்போதே காட்டிவிட்டார்கள். ஆனாலும் அதைப் பார்த்துப் பயப்படுகிற நாம், பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்திருப்பதைப் படிப்பதில்லை. கவலைப்பட வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்கெட் கேக் விஷம் அல்ல. பிறந்தநாளுக்கோ ஊருக்குப் போகும் வழியிலோ பிள்ளை ஒன்று சாப்பிட்டால் எதுவும் ஆகிவிடாது. அந்தக் கேக் தினமும் வருகிறதா, வந்து எந்தச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. காலையில் இட்லி சாப்பிட நேரமில்லாமல் டீயும் கேக்குமாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், மாதத்துக்கு ஒருமுறை ஆசைக்குச் சாப்பிடும் பிள்ளைக்கும் உடம்பில் நடப்பது ஒன்றல்ல. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடத்தை மீட்பதற்காகத்தான்.

படி 1: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் நிறுத்துவதற்கு முன்னால், கேக் எப்போது, யார் கையால் பிள்ளைக்குப் போகிறது என்று ஒரு வாரம் கேலண்டரிலேயே குறியுங்கள். நீங்கள் வாங்கித் தருவது மட்டும் கணக்கு அல்ல. தாத்தா கடைக்குப் போய்விட்டு வரும்போது சட்டைப்பையில் கொண்டுவருவது, டியூஷன் முடிந்து வரும் வழியில் வாங்குவது, பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்று கிடைப்பது, அழும்போது வாயை அடைக்கக் கொடுப்பது என எல்லாவற்றையும் எழுதுங்கள். கேக் சாப்பிட்ட பிறகு வந்த அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பிள்ளை எவ்வளவு மிச்சம் வைத்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது குறிப்புதான் முக்கியம். "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்று வருத்தப்படும் பல வீடுகளில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு வயிற்றுக்குள் ஏதோ ஒன்று போயிருக்கும்.

படி 2: பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் பால், முட்டை, பழம் என்று படம் இருக்கும். அதை விடுங்கள். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதிகமாகச் சேர்த்தது முதலிலும் குறைவாகச் சேர்த்தது கடைசியிலும் வரும்படி எடை வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பெரும்பாலான மலிவு கேக்குகளில் முதல் மூன்று இடங்கள் மைதா, சர்க்கரை, தாவர எண்ணெய். மைதாவை "ரிஃபைண்டு வீட் ஃப்ளவர்" என்று எழுதியிருப்பார்கள். கோதுமை என்ற சொல்லைப் பார்த்து முழுக் கோதுமை என்று நினைத்துவிட வேண்டாம்.

சர்க்கரை ஒரே பெயரில் வராது. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரிந்து நிற்கும். அவற்றைத் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான இடம் தெரியும். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் உடம்புக்குள் போனதும் அதுவும் வேகமாகக் குளுக்கோஸாகிவிடும்.

எண்ணெய் என்றால் பெரும்பாலும் பாமோலின் அல்லது பாம் எண்ணெய். பாம் எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஒரு காலத்தில் பேக்கரிப் பண்டங்களைப் பற்றிய பெரிய பயம் வனஸ்பதியிலிருந்து வரும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெய், கொழுப்புகளில் அது 2021 ஜனவரி முதல் 3 சதவீதத்துக்கு மேலும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்துவிட்டது. எனவே பெயர், முகவரி, உரிமம் எல்லாம் உள்ள பாக்கெட்டில் இந்தப் பயம் முன்பைவிடக் குறைவு. பெயரே இல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்கும் கேக்கில் எந்தக் கொழுப்பு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுவில் இருக்கும் கிரீம் பால் ஆடையில் செய்தது என்று நினைக்கிறோம். மலிவு கேக்கில் அது சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் சேர்த்து அடித்த கலவை. மேலே சிவப்பும் பச்சையுமாக ஒட்டியிருக்கும் டூட்டி ஃப்ரூட்டி, பச்சைப் பப்பாளிக்காயைத் துண்டுபோட்டுச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. பழக் கேக் என்று நம்பி வாங்கினால் பழத்தின் சத்து எதுவும் வந்து சேராது.

சைவம், அசைவம் பார்க்கும் வீடுகளுக்கு ஒன்று. முட்டை சேர்த்த கேக்கில் பழுப்பு நிறக் குறியும், முட்டை இல்லாததில் பச்சைக் குறியும் இருக்கும். முட்டை, பால், கோதுமை, சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு, சேர்மானப் பட்டியலின் கீழே "கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் வரியைக் கட்டாயம் பாருங்கள்.

படி 3: சர்க்கரைக் கணக்கைப் போட்டுவிடுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும். பல கேக்குகளில் சர்க்கரை 25 முதல் 35 கிராம் வரை. கிரீம் வைத்ததில் இன்னும் கூடும். 25 கிராம் எடையுள்ள ஒரு சின்னக் கேக், 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கேக்கில் ஏழரை கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் சர்க்கரை.

இது அதிகமா, குறைவா? ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கலோரி போதும். அதில் 5 சதவீதம் என்றால் 17 கிராம் சர்க்கரை. 10 சதவீதம் என்றால் 34 கிராம். இப்போது கூட்டிப் பாருங்கள். காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால், மாலையில் இரண்டு கேக். 17 கிராம் அங்கேயே தாண்டிவிட்டது. பிஸ்கட், ஜூஸ், சத்துமாவுப் பானம் எதையும் நாம் இன்னும் எண்ணவில்லை.

இங்கே பலர் ஏமாறும் ஒரு இடம் இருக்கிறது. அட்டவணையின் ஓரத்தில் அன்றாடத் தேவையில் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சதவீதம் 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கான கணக்கு. சேர்த்த சர்க்கரைக்கு அதில் 50 கிராம் வைத்திருக்கிறார்கள். கேக்கைச் சாப்பிடப்போவது நான்கு வயதுப் பிள்ளை. "15 சதவீதம்தானே" என்று மனம் சமாதானமாகிவிடக் கூடாது.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அந்த வயதில் சேர்த்த சர்க்கரையே தேவையில்லை. பாலில் கேக்கைக் கரைத்து ஊட்டும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நாக்கு சுவை பழகும் காலம் அது.

படி 4: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் என்று தொடங்குபவை, உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச அடையாள எண்கள். அவற்றைக் கண்டதும் எல்லாமே ரசாயன விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை. 500 என்பது நம் வீட்டு சோடா உப்பு. 322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 471, 475 போன்றவை எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள்கள். 422 கிளிசரால், 420 சார்பிட்டால். இவை ஈரத்தைப் பிடித்து வைப்பவை. வீட்டில் செய்த கேக் மூன்றாம் நாள் வறண்டு போக, கடைக் கேக் மாதக்கணக்கில் பஞ்சுபோல இருப்பதற்கு இவைதான் காரணம். சார்பிட்டால் அதிகமாகப் போனால் பிள்ளைகளுக்கு வயிறு உப்பும், பேதியாகும். 200, 202 எண்கள் சார்பிக் அமிலமும் அதன் உப்பும். 281, 282 புரோபியோனேட்டுகள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுபவை. விதித்த அளவுக்குள் இவற்றுக்கு அனுமதி உண்டு.

நான் வாங்காமல் தவிர்க்கச் சொல்வது சாயங்களை. 102 டார்ட்ரஸின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோய்சின், 124 பான்சோ, 129 அலூரா ரெட். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007ல் வெளியான ஆய்வில், இவை போன்ற சாயங்களைப் பதப்படுத்தியான சோடியம் பென்சோயேட்டுடன் கலந்து கொடுத்தபோது சில பிள்ளைகளிடம் அமைதியின்மை கூடியது. அதன் பிறகு 2010லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சாயங்கள் உள்ள பாக்கெட்டில், பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை கட்டாயமானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகாது, விளைவும் பெரிதல்ல. ஆனால் சாயத்தால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை என்னும்போது அதை ஏன் வாங்க வேண்டும்? மஞ்சள், ரோஸ், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் கேக்கை விட்டுவிடுவது சுலபம்.

சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளை துள்ளும், சேட்டை கூடும் என்பதற்குக் கட்டுப்பாட்டோடு நடந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. சர்க்கரை மேல் உள்ள குற்றச்சாட்டுகள் வேறு. அவற்றுக்கு வருகிறேன்.

படி 5: உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் அடிபடுவது பல். கேக் துணுக்கு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கும். சில நிமிடங்களில் பல் எனாமல் கரையத் தொடங்கும் அளவுக்கு அமிலத்தன்மை ஏறிவிடும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதனால் பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிது. ஒரு கேக்கைக் கடித்துக் கடித்து வைத்துச் சாயங்காலம் முழுக்கச் சாப்பிடும் பிள்ளைக்கு, உட்கார்ந்து ஒரே மூச்சில் தின்று தண்ணீர் குடித்துவிடும் பிள்ளையைவிடச் சேதம் அதிகம். பால் பல் விழத்தானே போகிறது என்று விடாதீர்கள். சொத்தைப் பல் வலியில் பிள்ளை மெல்ல மாட்டாது. மெல்லாத பிள்ளை மறுபடி மெத்தென்ற கேக்கைத்தான் கேட்கும்.

அடுத்தது சத்துக் குறைவு. குண்டான பிள்ளைகளுக்குத்தான் கேக்கால் ஆபத்து என்று நினைக்கிறோம். ஒல்லியான பிள்ளை என்றால் "சதை பிடிக்கட்டும்" என்று நாமே வாங்கிக் கொடுக்கிறோம். என்னைக் கேட்டால் ஒல்லியான பிள்ளைக்குத்தான் கூடுதல் நஷ்டம். 25 கிராம் கேக்கில் சுமார் 100 கலோரி, புரதமோ ஒன்றரை கிராம் கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 25 கிராம் வேர்க்கடலையிலும் அதே 6 கிராம். பிள்ளையின் வயிறு சின்னது. அதில் 100 கலோரிக்கான இடத்தைக் கேக் எடுத்துக்கொண்டால் அன்றைக்கு வர வேண்டிய பருப்பும் கீரையும் முட்டையும் வெளியே நிற்கும். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு இரத்தச்சோகை. அதற்குக் கேக் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரும்புச்சத்து இவ்வளவு தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதை மிகக் குறைவாகவே தரும் பண்டத்தை, இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் டீயோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

மூன்றாவது மெதுவாக வருவது: எடை, கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை நோயை நோக்கிய நகர்வு. மத்திய அரசு 2016-18ல் நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியிருந்தது. அமெரிக்காவில் 2019ல் 20 பெரியவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆலையில் அதிகமாகப் பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு வாரங்களில், வீட்டு உணவு போன்றதைக் கொடுத்த இரண்டு வாரங்களைவிட ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்கு அதிகமாகத் தாங்களாகவே சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டியதே இல்லாத பண்டம் வயிறு நிறைந்தது தெரிவதற்குள் உள்ளே போய்விடுகிறது.

படி 6: முதலில் நேரத்தை மாற்றுங்கள், பிறகு எண்ணிக்கையை

நாளையிலிருந்து கேக்கே கிடையாது என்று அறிவித்தால் இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் தாத்தா ஒளித்துக் கொடுப்பார். அப்படி வேண்டாம். முதல் வாரம் கேக்கைப் பிடுங்காமல், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். வெறும் வயிற்றில் இல்லை, சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் இல்லை, படுக்கப்போகும் முன் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கேட்டால் கொடுங்கள். வயிறு நிறைந்திருப்பதால் பாதியிலேயே போதும் என்றுவிடும். பிறகு தினமும் என்பதை வாரத்துக்கு இரண்டு, அப்புறம் ஒன்று என்று குறையுங்கள். எந்த நாள் என்று பிள்ளையே சொல்லட்டும். கடையில் பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கிவைப்பதை உடனே நிறுத்திவிடுங்கள். கண்ணில் படுவதைக் கேட்காத பிள்ளை கிடையாது.

காலை வேளைதான் இதில் கடினம். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஆறரை மணிக்கு இட்லி ஊற்ற முடியாத நாட்கள் வரும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முந்தைய இரவே இரண்டு முட்டை அவித்து வையுங்கள். வாழைப்பழம், ஒரு கை பொட்டுக்கடலை, பழைய சோற்றில் தயிர், எதுவானாலும் கேக்கைவிட மேல். அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைக்கிறது. அதற்கு முன்னால் வீட்டில் கேக் கொடுத்து அனுப்பினால் அந்தச் சூடான சாப்பாடு தட்டில் மிஞ்சும்.

மாலைக்கு அவித்த சுண்டல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொய்யா, பொரியில் வேர்க்கடலை கலந்தது, பருவத்தில் பனங்கிழங்கு. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழு வேர்க்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்துக் கொடுங்கள். கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் கேக்கைவிடச் சத்தானவைதான், ஆனால் அவையும் பல்லில் ஒட்டும் இனிப்பு. விலையைப் பற்றியும் பேச வேண்டும். தினமும் இரண்டு 5 ரூபாய் கேக் வாங்கினால் மாதம் 300 ரூபாய். அந்தப் பணத்துக்குச் சில்லறை விலையிலேயே மாதம் முழுக்கத் தினம் ஒரு முட்டை வாங்கலாம்.

கேக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வீட்டிலேயே செய்யலாம், ஓவன் அடுப்பு வேண்டாம். அரைக் கப் ராகி மாவு, அரைக் கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். நன்றாகக் கனிந்த இரண்டு வாழைப்பழத்தை மசித்து, இரண்டு முட்டை, கால் கப் பொடித்த வெல்லம், மூன்று ஸ்பூன் எண்ணெய், ஏலக்காய் சேர்த்து அடித்து, மாவோடு கலந்து, கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் விடுங்கள். எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஊற்றி 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவைத்தால் போதும். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் அளவைக் கூட்ட வேண்டாம்; பழத்தின் இனிப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

பல்லுக்கு: இரவு படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் துலக்கியே ஆக வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. ஏழு எட்டு வயது வரை நீங்கள் துலக்கிவிடுங்கள்.

படி 7: தாத்தா பாட்டியிடமும் பள்ளியிடமும் பேசுங்கள்

பெரியவர்கள் கேக் வாங்கி வருவது பாசத்தில். "இனிமே வாங்கிட்டு வராதீங்க" என்று சொன்னால் மனது உடையும். "அப்பா, கேக்குக்குப் பதிலா கொய்யாப்பழம் வாங்கிட்டு வாங்க, நீங்க கொடுத்தா அவன் சாப்பிடுவான்" என்று சொல்லிப் பாருங்கள். வாங்கிக் கொடுக்கும் சந்தோஷம் அவர்களிடமே இருக்கட்டும்.

பள்ளியிடம் பேச உங்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் விதி கொண்டுவந்தது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். பெட்டிக்கடைக்காரர் பிழைப்பும் முக்கியம். வாழைப்பழமும் கடலையும் முன்னால் வைக்கச் சொல்லி, அதை நாமே வாங்கினால் அவருக்கும் நஷ்டமில்லை.

படி 8: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

பல்லில் ஈறோரம் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் காப்பாற்றலாம். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, தேய்த்தாலும் போகாமல் இருந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். வெளிறிய கண் இமை, சீக்கிரமே களைப்பு, மண் அல்லது சுவர்ச் சுண்ணாம்பு தின்னும் பழக்கம் இருந்தால் இரத்தச்சோகைக்குப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பாருங்கள். அது சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். கேக்கால் வருவதல்ல, ஆனால் தாமதிக்கக் கூடாதது.

படி 9: கெட்டுப்போனதைக் கண்டால்

வாங்கும்போதே தேதியையும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் பாருங்கள். எண் 1ல் தொடங்கினால் உரிமம், 2ல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. வெயில் விழும் இடத்தில் தொங்கிய பாக்கெட், காற்று இறங்கிய பாக்கெட், உள்ளே வியர்த்திருக்கும் பாக்கெட் வேண்டாம். ஓரத்தில் மட்டும் பூஞ்சை இருக்கிறது என்று வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்காதீர்கள்; மெத்தென்ற பண்டத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் முன்பக்கம், பின்பக்கம், தேதி, பேட்ச் எண் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடையின் பெயர், ஊரோடு அனுப்புங்கள். கேக்கை அந்தப் பாக்கெட்டிலேயே வைத்து மூடி, ஃபிரிட்ஜில் தனியாக எடுத்து வையுங்கள். அதிகாரிகள் விசாரிக்க வந்தால் காட்டலாம்.